கொட்டாவிக்கு நன்றி

பொதுமடையில் ஒரு விதி உண்டு. அங்கே எதை எழுதினாலும் சரி, அங்கிருந்து எதை எடுத்தாலும் சரி, கடைசியில் ஒருவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். சும்மா ‘நன்றி’ என்று தட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. யாருக்கு, எதற்கு என்று விவரமாகச் சொன்னால்தான் பக்கம் சேமிக்கும், கோப்பு இறங்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவளை உட்காரவைத்துக் குலம் கோத்திரம் விசாரிக்கிற உபசாரமாகப் பட்டது. இன்றைக்கு அந்த விதியை வைத்தவரின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

மென்பொருளுக்கும் காப்புரிமை வாங்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு பிறந்த இணையதளம் பொதுமடை. முன்பெல்லாம் ஒரு கருவிக்கோ மருந்துக்கோ காப்புரிமை வாங்குவார்கள். இப்போது ஒரு கணக்கைப் போடுகிற வழிக்கே வாங்கலாம். சோற்றை முதலில் வைப்பதா, குழம்பை முதலில் வைப்பதா என்கிற வரிசையை நான் பதிவு செய்துவிட்டால், நீங்கள் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். கிட்டத்தட்ட அதுதான் சட்டம். இதை எதிர்த்துக் கொடி பிடித்துக் களைத்தவர்கள், கடைசியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்கள். எந்த வழியை யார் எப்போது கண்டுபிடித்தார்கள், யார் யாருக்குச் சொன்னார்கள் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தார்கள். யாராவது ‘இது என் கண்டுபிடிப்பு’ என்று வந்தால், ‘அட போப்பா, இது எங்களுக்கெல்லாம் எப்பவோ தெரியும்’ என்று ஆதாரம் காட்டுவதற்கு.

என் பெயர் தாரணி. கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை பாதியைக் கட்டுப்படுத்தியது. மீதிப் பாதி, சொல்லாமல் கொள்ளாமல் வருகிற விருந்தாளி. கீழே விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, என் நெற்றியில் இருக்கிற தழும்புகளை வைத்து ஒரு வரைபடமே போடலாம். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்.

என் மகள் வெயினி பிறந்த அன்று, நர்ஸ் குழந்தையை என் கையில் கொடுக்காமல் என் மாமியார் கையில் கொடுத்தார். யாரும் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. நின்றுகொண்டிருக்கும்போது எனக்கு வலிப்பு வந்தால் பிள்ளையின் கதி என்ன? பாய் போட்டுத் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவர் இருந்தால், மடியில் வைப்பார்கள். பெற்ற பிள்ளையை மேற்பார்வையின்கீழ் கொஞ்சினேன். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடக்கிறார்களே, எல்லா அம்மாக்களும் அலுத்துக்கொண்டு செய்கிற அந்த வேலை, அதற்காக நான் ஏங்கியது எனக்குத்தான் தெரியும்.

என் கணவர் பூபதி ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை செய்கிறார். அவர்தான் ஒரு நாள் பொதுமடையில் ‘முன்மணி’ என்ற நிரலைக் கண்டுபிடித்து என் சாதாரண ஸ்மார்ட் வாட்சில் ஏற்றினார். மணிக்கட்டிலிருந்தே மூச்சு, விரல்களின் சூடு, நாடி மூன்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். தூக்கம் வராத நேரத்தில் நீண்ட கொட்டாவி, அதன்பிறகு இடது கை விரல்களில் குளிர்ச்சி, அதன்பிறகு நாடி தணிவது. இந்த வரிசையில் வந்தால் வலிப்பு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். உடனே வாட்ச் அதிரும். வலிப்பு வந்து சேர்வதற்குள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளலாம். அந்தச் சில நிமிடம் போதும்.

ஒரு மாதம் சோதித்துப் பார்த்தோம். முன்மணி ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதற்கு மறுநாள் காலை, மாமியாரே வெயினியைத் தூக்கி வந்து, நின்றுகொண்டிருந்த என் தோளில் போட்டார். நான் மொட்டைமாடிக்குப் போனேன். காக்கா காட்டினேன், தண்ணீர்த் தொட்டி காட்டினேன், எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த லுங்கி காட்டினேன். காட்ட ஒன்றும் இல்லாதபோதும் நடந்துகொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு அனுபவித்ததில்லை.

அந்த விதிப்படி நான் எழுதிய முதல் நன்றி கரூர் செல்வமணி அண்ணனுக்கு. பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இருப்பவர். தன் மகள் வலிப்புக்கு முன்னால் கொட்டாவி விடுகிறாள் என்று பொதுமடையில் முதன்முதலில் எழுதியவர் அவர்தான். அதன்பிறகு நானும் அங்கே எழுதத் தொடங்கினேன். மற்றவர்கள் தாறுமாறாக எழுதியதைப் புரிகிற தமிழில் மாற்றி எழுதுவது என் வேலை.

ஒரு நாள் காலை வெயினிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் பிள்ளை. வாட்ச் அதிர்ந்தது. பதறிப்போய் அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. வாட்சைப் பார்த்தால், ‘இந்தச் செயல்முறைக்கு உங்களிடம் உரிமம் இல்லை. நிறுத்தப்பட்டது’ என்று எழுதியிருந்தது. தொட்டிலிலிருந்து அவள் கையை நீட்டி அழுதாள். நான் எழுந்து அவளைத் தூக்கவில்லை. மாமியாரைக் கூப்பிட்டேன்.

ஒரு கம்பெனி அந்த வரிசைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது. கம்பெனியின் பெயரை எழுதமாட்டேன், அதற்கும் உரிமத்தொகை கேட்டாலும் கேட்பார்கள். கொட்டாவி, குளிர்ச்சி, நாடி என்ற மூன்றையும் அந்த வரிசையில் பார்த்து மணி அடிக்கிற எந்தக் கருவியும் இனி அவர்களுடையது. வேண்டுமென்றால் அவர்களுடைய மணிக்கட்டுப் பட்டையை மாதச் சந்தாவுக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அந்தச் சந்தாவைக் கேட்டபோது பூபதி சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று மத்தியானமே ஹாஜிரா அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பொதுமடையை நடத்துகிறவர்களில் அவர் ஒருவர். முன்பு காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பரிசோதிக்கிற வேலையில் இருந்தார். சட்டத் திருத்தம் வந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர். பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சு விடமாட்டார்.

“இதுக்கு ஒரு வழி இருக்கு. அவங்க விண்ணப்பம் போட்ட தேதிக்கு முந்தியே இது பொதுவுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னு காட்டிட்டாப் போதும், உரிமை செல்லாது. பாதிக்கப்பட்டவங்க யாராவது மனுப் போடணும். நீ போடறியா?”

“போடறனுங்க்கா. காட்டறதுக்கு என்ன, பொதுமடையில அத்தனை பக்கம் இருக்குதே? நானே பாதி எழுதியிருக்கேன்.”

ஹாஜிரா அக்கா தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். “அதைத்தான் சொல்ல வந்தேன். போயிருச்சு.”

“எங்க போயிருச்சு?”

“கங்காணி வந்துட்டுப் போயிட்டான்.”

கங்காணி என்பது நாங்கள் வைத்த பெயர். கம்பெனிகள் சேர்ந்து ஓடவிடும் காவல் நிரல் அது. காப்புரிமை பதிவான நிமிடமே இணையம் முழுக்கப் புகுந்து, அந்த வழியைச் செய்கிற கருவிகளை நிறுத்திவிடும். அதோடு விட்டால் பரவாயில்லை. படித்துவிட்டு ஒருவர் செய்துபார்க்க முடியும் என்கிற எந்த விளக்கமும் திருட்டுப் பிரதிதான் என்று சட்டம் சொல்வதால், விளக்கங்களையும் சேர்த்து அழித்துவிடும்.

“அக்கா, ஆதாரத்தையே அழிச்சுப்போட்டு ஆதாரம் கொண்டாங்கறாங்களா?”

“அதேதான். சட்டம் எழுதறப்ப எவனுக்கும் இது தோணலை. இல்ல, யாருக்கோ நல்லாத் தோணியிருக்கு.”

“யாராவது காகிதத்துல எடுத்து வெச்சிருப்பாங்க.”

“வெச்சிருந்தாலும் அதுல இருக்கற தேதிக்கு யாரு சாட்சி? நேத்து அடிச்சதும்பாங்க.” அவர் தொட்டிலைப் பார்த்தார். வெயினி கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். “மனுவைப் போட்டு வைப்போம் கண்ணு. ஏதாவது கிடைக்காமலா போயிரும்?”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

விசாரணைக்குத் தேதி வந்தது, ஆதாரம் வரவில்லை. அந்த நாட்களில் நான் மறுபடி பாயில் உட்கார்ந்து பிள்ளையைக் கொஞ்சினேன். அவளுக்கு மாடிப் பழக்கம் வந்துவிட்டிருந்தது. என் சேலையைப் பிடித்து இழுத்து, மாடிப்படியைக் கையால் காட்டுவாள். “பாட்டி கூட்டிட்டுப் போகும் சாமி” என்பேன். அவளுக்குக் கோபம் வந்து என் மடியிலிருந்து வழுக்கி இறங்கி மாமியாரிடம் போய்விடுவாள். போகட்டும் என்று சிரித்துக்கொண்டே இருப்பேன். குளியலறைக்குள் போய் அழுவேன்.

ஒரு நாள் மருத்துவமனையில் கூட்டம் இல்லை. உள்ளே ஒருவர் கடைவாய்ப் பல்லுக்காக வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். எனக்கு வேலை ஒன்றும் இல்லை. பழக்கதோஷத்தில் பொதுமடையைத் திறந்து, முன்மணிப் பக்கத்துக்குப் போனேன். மேலே வெறும் வெள்ளை. தலைப்புக்கூட இல்லை. அப்படியே கீழே தள்ளிக்கொண்டு போனேன். அடியில் நன்றி வரிகள் இருந்தன.

ஒன்றுகூடக் குறையவில்லை. எண் போட்டு, தேதி முத்திரையோடு, வரிசையாக. எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. வீடே இடிந்துபோன இடத்தில் வாசல் கோலம் மட்டும் மிச்சமிருந்தால் எப்படி இருக்கும்? யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று முதலிலிருந்து படித்தேன்.

‘தூக்கம் வராத நேரத்தில் பிள்ளை பெரிய கொட்டாவியாக விட்டால் உஷாராக இருங்கள் என்ற கரூர் செல்வமணி அண்ணனுக்கு நன்றி. என் பையனுக்கு அப்போது இடது கை விரலும் சில்லென்று ஆகிறது. – அறந்தாங்கியிலிருந்து ஓர் அம்மா.’

‘விரலைத் தொட்டுப் பார்க்கச் சொன்ன அறந்தாங்கி அம்மாவுக்கு நன்றி. எங்கள் அப்பாவுக்கும் அதே. கொட்டாவிக்கு அப்புறம்தான் குளிர்கிறது. முதலில் குளிர்ந்து அப்புறம் கொட்டாவி வந்தால் அது வெறும் களைப்பு. – பரமக்குடி.’

‘வரிசைதான் முக்கியம் என்று கண்டுபிடித்த பரமக்குடித் தம்பிக்கு நன்றி. கடைசியில் நாடி தணிகிறதா என்பதையும் சேர்த்தேன், பொய் மணி அடிப்பது நின்றது. – ஓசூர்.’

நான் இருக்கையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து டாக்டர், “என்னம்மா, அடுத்த பேஷண்ட் வந்தாச்சா?” என்றார். “இல்லீங்க டாக்டர், வேற ஒண்ணு வந்திருக்குது” என்றேன்.

ஹாஜிரா அக்காவுக்கு ஃபோன் செய்து அத்தனையையும் படித்துக் காட்டினேன். பேசினால் நிற்காத அந்த மனுஷி, முதலிலிருந்து மறுபடி ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“தாரணி, இதை ஏன் அவன் அழிக்கலை தெரியுமா? முன்னாடி ஒரு தடவை கங்காணி யாரோட இரங்கல் செய்தியையோ அழிச்சு வெச்சு, பெரிய ரகளை ஆயிருச்சு. அப்புறம் வாழ்த்து, இரங்கல், நன்றி மூணையும் தொடாதேன்னு அதுக்குச் சொல்லி வெச்சாங்க. அதுல சரக்கு எதுவும் இருக்காதுன்னு நெனப்பு. அவங்க ஆபீஸ்ல எழுதற நன்றியில சரக்கு இருக்காதுதானே?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். வரிகளைப் பெரிதாக்கித் திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பூபதியும் பக்கத்தில் இருந்தார். ஏழாவது வரிக்கு வந்ததும் ஹாஜிரா அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

‘கரூர் அண்ணன், அறந்தாங்கி அம்மா, பரமக்குடி, ஓசூர் எல்லாருக்கும் நன்றி. என் தம்பிக்காக இறக்கிக்கொள்கிறேன். நான் வேலை செய்யும் இடத்திலும் காட்டப் போகிறேன், இன்னும் நன்றாகச் செய்யலாம். – வில்சன் தேவராஜ்.’

“இந்தப் பேரு காப்புரிமையில இருக்கு” என்றார் அக்கா. “கண்டுபிடிச்சவங்கன்னு மூணு பேரு போட்டிருக்காங்க. மூணாவது இவன்தான். தேதியைப் பாரு, அவங்க விண்ணப்பத்துக்கு முந்தி. இங்கிருந்து எடுத்துட்டுப் போயிருக்கான்! விதிக்குப் பயந்து நன்றியும் சொல்லி வெச்சிருக்கான்! இந்த ஒரு வரி போதும் தாரணி. மத்தது எதுவும் வேண்டாம். அவங்க கதை முடிஞ்சுது.”

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அடப்பாவி, உண்ட வீட்டுக்கே ரெண்டகம் செய்தானே என்று வாய்விட்டே திட்டினேன். அன்று முழுக்கப் பாத்திரங்கள் என்னிடம் பட்ட பாட்டை மாமியாரைக் கேட்டால் சொல்வார். ஆனால் மனுவோடு சேர்ப்பதற்காக அந்த வரியை நானே எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் ‘என் தம்பிக்காக’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

மறுநாள் ஹாஜிரா அக்காவிடம் சொன்னேன். “ஏழாவது வரி வேண்டாமுங்க்கா.”

“என்னது?”

“அதைக் குடுத்தா அந்த ஆளை என்ன பண்ணுவாங்க?”

“வேலையை விட்டு எடுப்பாங்க. கேஸ் போடுவாங்க. கம்பெனி ரகசியத்தைப் பொதுவுல எழுதினான்னு நஷ்ட ஈடு கேப்பாங்க. கேக்கட்டுமே! நமக்கென்ன?”

“அவர் அங்க நன்றி சொன்னாருங்க்கா. விதிக்காகச் சொல்லியிருந்தா ‘எல்லாருக்கும் நன்றி’ன்னு நாலு வார்த்தை போட்டுட்டுப் போயிருக்கலாம். தன்ற பேரு, தம்பி, எங்க கொண்டு போறேங்கறது வரைக்கும் சொல்லியிருக்காரு. நன்றி சொன்னவரைப் பிடிச்சுக் குடுத்தோமுன்னா, நாளைக்குப் பொதுமடையில எவரு மனசைத் தொறந்து நன்றி சொல்லுவாங்க? அந்த நன்றிதானுங்க இன்னைக்கு நமக்கு மிச்சம் இருக்கறது.”

ஹாஜிரா அக்கா பூபதியைப் பார்த்தார். பூபதி என்னைப் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. “ஏன் தாரணி, உனக்குப் பிள்ளையைத் தூக்க வேண்டாமா?” என்று மட்டும் கேட்டார்.

“வேணுமுங்க” என்றேன். “அவளைத் தூக்கிட்டு நடக்கறப்ப இன்னொருத்தர் குடும்பம் எனக்கு நெனப்புக்கு வரக்கூடாது.”

“தோத்துட்டா?”

“தோத்தா, பாயில உக்காந்துக்கறேன்.”

ஹாஜிரா அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மனுவோடு வைக்கிற காகிதத்திலிருந்து ஏழாவது வரியை நீக்கினார். கிளம்பும்போது, “உன்னைத் திட்டணும்னு இருக்கு, திட்ட வார்த்தை வரமாட்டேங்குது” என்றார்.

சென்னையில் விசாரணை. ரயிலில் நானும் ஹாஜிரா அக்காவும் மட்டும் போனோம். அதிகாரி ஓர் அம்மா. அவருக்கு எதிரில் கம்பெனி வக்கீல், அவருக்குப் பின்னால் கோட்டுப் போட்டவர்களாக ஒரு வரிசை. எங்கள் பக்கம் நாங்கள் இரண்டு பேர், ஒரு தண்ணீர் பாட்டில்.

கம்பெனி வக்கீல் எங்கள் காகிதங்களை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு பேசினார். “மேடம், இது தொழில்நுட்ப ஆவணமா? நாலு ஏழைத் தாய்மார்கள் ஒருத்தருக்கொருத்தர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அவர்கள்மீது எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் காவல் நிரலே இதில் தொழில்நுட்பம் எதுவும் இல்லை என்றுதான் விட்டுவைத்திருக்கிறது.”

“உங்க நிரல் அழிக்க மறந்ததுக்கு நாங்க பொறுப்பில்லைங்க சார்” என்றார் ஹாஜிரா அக்கா.

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். “கேள்வி ஒன்றுதான். இந்தத் துறை தெரிந்த ஒருவர், இந்த வரிகளை மட்டும் படித்து, அந்தக் கருவியைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் உங்கள் உரிமை செல்லாது. முடியாது என்றால் செல்லும்.”

“கண்டிப்பாக முடியாது மேடம். கண்டுபிடித்தவரே வந்திருக்கிறார். அவரைக் கேளுங்கள்” என்றார் வக்கீல். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “டாக்டர் வில்சன் தேவராஜ்.”

ஹாஜிரா அக்கா மேசைக்கடியில் என் கையை இறுகப் பிடித்தார். நான் வில்சனை நிமிர்ந்து பார்த்தேன். ஒல்லியான ஆள், முடி முன்பக்கம் கொட்டியிருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்துத்தான் கூட்டி வந்திருப்பார்கள். அவர் கையில் எங்கள் காகிதத்தைக் கொடுத்தார்கள். அதை வாங்கும்போதே அவர் கண் வேகமாகக் கீழே இறங்கியது. எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அதிகாரி அம்மாவும் அதே சமயத்தில் கவனித்தார். “ஆறுக்குப் பிறகு எட்டு இருக்கிறது. ஏழாவது வரி எங்கே?”

நான் எழுந்து நின்றேன். “அது ஒருத்தர் தன்ற தம்பிக்காக எழுதுனதுங்க மேடம். அவர் சொந்த விஷயம். கேசுக்கு வேண்டாமுன்னு நாங்களே எடுத்துட்டோமுங்க.”

“அதில் உங்களுக்குச் சாதகமாக எதுவும் இல்லையா?”

“இருந்துச்சுங்க மேடம்.”

வில்சன் தேவராஜ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். வக்கீல் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

“சொல்லுங்கள் டாக்டர். இதை மட்டும் படித்து ஒருவர் செய்ய முடியுமா?” என்றார் அதிகாரி அம்மா.

“முடியும் மேடம்.”

வக்கீல் துள்ளி எழுந்தார். “சாட்சிக்குக் கேள்வி சரியாகப் புரியவில்லை...”

“புரிஞ்சுது சார்.” வில்சன் காகிதத்தை மேசையில் வைத்தார். “எப்படித் தெரியும்னு மேடம் அடுத்து கேப்பாங்க. நான் அப்படித்தான் செஞ்சேன். அந்த ஏழாவது வரி என்னோடது.”

ஹாஜிரா அக்கா, “யா அல்லாஹ்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என் கையை விட்டார்.

தீர்ப்பு பிறகுதான் வரும் என்றார்கள். ஆனால் வக்கீல் தன் பையை மூடிய விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்தபோது வில்சன் ஒரு தூணுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். கோட்டுப் போட்டவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள், ஒருவரும் நிற்கவில்லை. நான் போய் நின்றேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன்.

“தம்பி எப்படி இருக்காருங்க?”

அவர் சிரிக்கப் பார்த்தார். “கம்பெனிப் பட்டை எனக்குச் சும்மா குடுப்பாங்க, தம்பிக்குக் கிடையாது. அவன் கையில முன்மணிதான் இருந்துது. எல்லார் வாட்சும் நின்ன அன்னைக்கு அவனுக்கும் நின்னுட்டு. மாடிப்படியில விழுந்து தோள்பட்டை இறங்கிப் போச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “எங்கிட்ட ஒண்ணும் கேக்கல அவன். கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல.”

“உங்களுக்கு இனிமே என்ன ஆகுமோ...”

“ஆகட்டும்மா. நீங்க அந்த வரியை வெச்சிருந்தா நான் ‘அது நானில்ல’ன்னு சண்டை போட்டிருப்பேன். எனக்கு என்னையத் தெரியும்.” அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

தீர்ப்பு வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை. அதற்கு முன்பே என் வாட்ச் ஒரு தடவை மெல்ல அதிர்ந்து, ‘முன்மணி தயார்’ என்று காட்டிவிட்டது. பூபதி அதை இரண்டு தடவை படித்தார். மாமியார் வெயினியைக் கொண்டுவந்தார். இத்தனை நாளில் அவள் கனத்திருந்தாள். நின்றபடி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். போட்டதும் மாடிப்படியைக் கையால் காட்டினாள். அவள் மறக்கவே இல்லை.

மாடியில் இரண்டு சுற்று வருவதற்குள் என் கழுத்தில் முகம் புதைத்து ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். எனக்குத் திக்கென்றது. அவசரமாக அவள் இடது கை விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். கதகதவென்று இருந்தன. வெறும் தூக்கம். கரூர் அண்ணனையும் அறந்தாங்கி அம்மாவையும் நினைத்துக்கொண்டேன். நான் முகம் பார்க்காத அத்தனை பேரும் சேர்ந்துதான் என் பிள்ளையை என் தோளில் போட்டிருக்கிறார்கள்.

அழிந்த பக்கத்தை மறுபடி எழுதும் வேலையை ஹாஜிரா அக்கா என்னிடம் கொடுத்திருந்தார். அன்று சாயங்காலமே எழுதி முடித்தேன். சேமிக்கப் போனால், வழக்கம்போல அது கேட்டது: யாருக்கு, எதற்கு? வில்சனின் பெயரைத் தட்டுவதற்காகக் கீழே இறங்கினேன். கடைசி வரி அன்று காலையில்தான் சேர்ந்திருந்தது.

‘என் வரியை மறைத்துவைத்த சிங்காநல்லூர் தாரணிக்கு நன்றி. தம்பியின் வாட்ச் மறுபடி ஓடுகிறது. எனக்கு இப்போது வேலை இல்லை. பொதுமடையில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள். – வில்சன் தேவராஜ்.’

எனக்குத் திரை தெரியவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. வெயினி தோளில் தூங்கிவிட்டிருந்தாள். தொட்டிலில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டியிருக்கலாம். இறக்க மனம் வரவில்லை. ஒரு கையால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன்.

‘வில்சன் அண்ணனுக்கு நன்றி. என் பிள்ளையை நின்றுகொண்டே தூக்கியிருக்கிறேன். நாளைக்கு வேலைக்கு வாருங்கள்.’